இன்னும் விலை சொல்லாத பெட்டி

தம்பி, இதை ஆபீஸில் வேலைக்கு நடுவே திறந்து படிக்காதே. ரூமுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து நிதானமாகப் படி. போனில் சொல்ல முடியாத அளவுக்கு அப்படி என்ன விஷயம் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ ஜெயித்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். நான் ஒன்று கேட்பேன். நீ அதற்குப் பதில் சொல்லாமல் வேறு எதையோ அழகாக விளக்குவாய். நானும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போனை வைத்த பிறகுதான் கேட்ட கேள்வி அப்படியே கிடக்கிறது என்று தெரிந்துகொள்வேன். எழுத்தில் அந்த வித்தை நடக்காது. உன் அப்பா, "கல்யாணம் ஆவப்போற பையன், அவனப் போயி போலீஸ்காரன் மாதிரி விசாரிக்கிறியே" என்கிறார். ஆமாம், விசாரிக்கத்தான் போகிறேன்.

போன வாரம் ஒரு மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, கயலின் அப்பா வந்தார். உனக்குப் பெண் கொடுக்கப்போகிற மனுஷன், திருமானூரிலிருந்து அரியலூர் வந்து, அங்கே பஸ் மாறி, பெரம்பலூர் வந்து, நாலு ரோட்டிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். நான் பில் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தவர், சுவரில் வரிசையாக ஓடிக்கொண்டிருந்த டிவிகளைப் பார்த்தார், ஃபிரிஜ்களைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை.

"வாங்கண்ணே. என்ன திடீர்னு? வூட்டுக்கு வராம கடைக்கு வந்திருக்கீங்க?"

"வெசயம் கடையிலதான் தங்கச்சி. மாப்ள ஒரு கேம் பொட்டி சொன்னாரு. புதுசா வரப்போவுதாமே. அது இங்க கெடைக்குமா, இல்ல திருச்சிக்குப் போவணுமா?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. நீ காத்துக்கொண்டிருக்கிற கேம் கன்சோல்தான் என்று புரிந்ததும் கை பில் மிஷின் மேலேயே நின்றுவிட்டது. "அது இன்னும் வரவே இல்லையேண்ணே" என்றேன்.

"வரலன்னு எம் மவனும் சொன்னான். வெலய மட்டும் சொல்லுங்க, ஏற்பாடு பண்ணிக்கிறேன்."

"வெலயும் சொல்லலண்ணே. யாருக்கும் தெரியாது."

"பொட்டியும் வரல, வெலயும் வரல. அப்புறம் எப்படிங்க தங்கச்சி அதும்மேல ஆச மட்டும் வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, கேட்டது தப்போ என்று நினைத்தவர் மாதிரி அவரே சிரித்தார். "சரி, கரும்பு மாதிரின்னு வச்சுக்குவோம். நாங்களும் வெட்டி லோடு ஏத்தி மில்லுக்கு அனுப்பிட்டு அப்புறந்தான வெலயக் கேட்டுக்கறோம்." போகும்போது, நான் கேட்காமலேயே ஒன்று சொன்னார். "மோட்டார மாத்தலாம்னு இருந்தேன். அது இன்னும் ஒரு வருசம் இழுக்கும். அவசரம் ஒண்ணுமில்ல."

அந்த மோட்டார் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பூ வைத்து உறுதி செய்ய நாம் திருமானூர் போன அன்று, இலையில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கும்போது மோட்டார் நின்றுவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். மனுஷன் பரிமாறுகிற வாளியைப் பக்கத்தில் இருந்தவர் கையில் கொடுத்துவிட்டு, புது வேட்டியோடு கரும்புக் கொல்லைக்கு ஓடினார். திரும்பி வரும்போது கையெல்லாம் கிரீஸ். அப்படிப்பட்ட மோட்டார் இன்னும் ஒரு வருஷம் இழுக்குமாம். நட்ட பயிர் வாடினாலும் பரவாயில்லை, மாப்பிள்ளை டிவிக்கு முன்னால் உட்கார்ந்து ஆட்டம் ஆட வேண்டும். இதைச் சொல்ல அவருக்கு வாய் வந்தது, கேட்க எனக்குக் காது கூசியது.

தம்பி, நான் இத்தனை வருஷமாக அந்தக் கவுன்ட்டரில் உட்கார்ந்து என்ன பார்க்கிறேன் என்று நினைக்கிறாய்? கல்யாண மாதம் வந்தால் கடைக்கு இரண்டு வீட்டாரும் சேர்ந்து சீர் சாமான் எடுக்க வருவார்கள். பெண் வீட்டார் சின்ன வாஷிங் மெஷின் பக்கம் நிற்பார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பெரியதன் பக்கம் போய், "எங்களுக்கு ஒண்ணும் வேணாங்க, நீங்க ஒங்க பொண்ணுக்குச் செய்யறீங்க" என்பார்கள். மாப்பிள்ளையின் அக்கா ஒருத்தி இருப்பாள். அவள் எதையும் கேட்க மாட்டாள். ஒரு ஃபிரிஜ்ஜின் கதவைத் திறந்து திறந்து மூடுவாள், அவ்வளவுதான். பெண்ணின் அப்பா அந்தக் கதவுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே என்னிடம் வந்து, "இதுல ஏதாவது கொறச்சுப் போடுவீங்களாம்மா" என்பார். ஒன்றும் வேண்டாம் என்று சொன்ன கல்யாணங்களுக்குத்தான் நான் பெரிய பில்லாகப் போட்டிருக்கிறேன்.

அதெல்லாம் தெரிந்தவள்தான் நான். தெரிந்தும் திருமானூரில் அவர் என்னிடம், "மாப்ளைக்கு என்ன செய்யணும்னு சொல்லிடுங்க தங்கச்சி" என்று கேட்டபோது, நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எங்களுக்கு ஒண்ணும் வேணாண்ணே" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். ஆனால் என் மனசு அவருக்கு எப்படித் தெரியும்? ஊரே அந்த வார்த்தையை எந்த அர்த்தத்தில் சொல்கிறதோ, அந்த அர்த்தத்தில்தான் அவருக்கும் கேட்டிருக்கும். இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது, தானாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அன்றிலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அப்போதுதான் நீ பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கயலின் தம்பியிடம் பேச ஆரம்பித்தாய்.

நான் உள்ளே பெண்களோடு இருந்தேன். ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்தேன். அந்தப் பையன், "மாமா, நீங்க கேம் ஆடுவீங்களாமே" என்று கேட்டிருக்கிறான். ஆமாம் என்று முடித்திருக்கலாம். நீ இரண்டு கையையும் தூக்கி, காற்றிலேயே ஒரு பெட்டி செய்து அவனுக்குக் காட்டினாய். அதன் அகலம், உயரம், எங்கே விளக்கு எரியும், எவ்வளவு வேகம், படம் எவ்வளவு துல்லியமாக இருக்கும், இப்போது இருப்பதை ஏன் வாங்காமல் புதுத் தலைமுறைப் பெட்டிக்காகக் காத்திருக்கிறாய் என்று எல்லாம் சொன்னாய். இதில் எனக்கு ஒரே ஒரு சந்தேகம். உன் குரல் ஏன் அன்றைக்கு அவ்வளவு சத்தமாக இருந்தது? பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனிடம் பேசுகிற சத்தம் இல்லை அது. அவனுக்குப் பின்னால் நின்று தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்த அவன் அப்பாவுக்கும் கேட்கிற சத்தம்.

சந்தேகப்படுவதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது. நீ சின்ன வயசிலிருந்து எதையும் கேட்டதே இல்லை. இதை நான் சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். "எம் புள்ள எதையும் கேக்க மாட்டான்" என்று. நிஜம்தான். நீ கேட்க மாட்டாய், விவரிப்பாய். பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கிறவனின் சைக்கிளில் கியர் எப்படி மாறுகிறது என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வாய். வேண்டும் என்று ஒரு வார்த்தை வராது. ஒரு வாரம் கழித்து உன் அப்பா சைக்கிள் கடையில் நிற்பார். நீ ஆச்சரியப்பட்டு, "நான் கேக்கவே இல்லையேப்பா" என்பாய். அந்த ஆச்சரியமும் நிஜம் மாதிரியே இருக்கும்.

சிறுவாச்சூர் அத்தை கதையை எடுத்துக்கொள். கோயில் பக்கத்தில் தேங்காய், எலுமிச்சை மாலை விற்கிறவள். வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் சாமி வாசல் திறக்கும், அன்றைக்குத்தான் அவளுக்கு வியாபாரமே. கோடை லீவுக்கு நீ அவள் வீட்டில் போய் இருந்தாய். மாலை கட்டுகிறவள் பக்கத்தில் உட்கார்ந்து, டிவியில் மாட்டி ஆடுகிற கேம் பெட்டியைப் பற்றிச் சொன்னாயாம். ஒருநாள் இல்லை, லீவு பூராவும். கடைசியில் அவள் எனக்குப் போன் செய்து, "அண்ணி, இவன் சொல்லச் சொல்ல எனக்கே அத ஆடணும் போல ஆயிடுச்சு, வாங்கிட்டேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எப்படிப்பட்ட பிள்ளை, அத்தையையே மயக்கிவிட்டானே என்று அன்று உன்னைக் கொஞ்சினேன். அவள் அந்த வருஷம் கடைக்குத் தகரக் கூரை போடுவதாக இருந்தாள் என்பது பிறகுதான் தெரியும். இன்றைக்கும் மழை வந்தால் தார்ப்பாயைத்தான் இழுத்துக் கட்டுகிறாள். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஏனென்றால் நீதான் கேட்கவே இல்லையே.

இப்போது அந்தப் பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இது ஒன்றும் புரியாது என்று நினைக்காதே. போன தீபாவளிக்கு நீ வந்தபோது மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே உன்னிடம் முழுப் பாடமும் கேட்டேன். ஆறேழு வருஷத்துக்கு ஒருமுறை புதுத் தலைமுறைப் பெட்டி வரும், அது வரப்போகிறது என்றால் பழசின் விலை இறங்கும், அதுதான் வழக்கம் என்றாய். "ஆனா இந்தத் தடவ தலைகீழா நடக்குதும்மா, பழசு வெல ஏறிட்டே போவுது" என்றாய். ஏன் என்று கேட்டேன். மெமரி சிப்பையெல்லாம் பெரிய பெரிய கம்பெனிகள் கம்ப்யூட்டருக்கு அள்ளிக்கொண்டு போகின்றன, டாலர் ஏறிவிட்டது, வரி ஏறிவிட்டது என்று அடுக்கினாய். எல்லாம் சரியாகவே இருந்தது. அப்படிச் சரியாக இருந்ததால்தான் எனக்கு நம்பிக்கை வரவில்லை. விலை ஏறும்போது காரணம் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். அந்தக் காரணம் போன பிறகு விலையை இறக்க ஒருத்தரும் வரமாட்டார்கள். சமையல் எண்ணெயில் பார்த்தேன், செல்போன் ரீசார்ஜில் பார்த்தேன்.

பெட்டியைக் கிட்டத்தட்ட அசல் விலைக்கே கொடுத்துவிட்டு, ஆட்டங்களை விற்றுத்தான் சம்பாதிப்பார்கள் என்றும் நீதான் சொன்னாய். மற்றவர்களோடு சேர்ந்து ஆட மாசாமாசம் சந்தா. டிஸ்க் தட்டு போடுகிற பாகம் தனியாக வாங்க வேண்டுமாம். எங்கள் கடையில் பிரின்டர் விற்கிற கதைதான். மெஷின் மலிவு, மை ஊற்றியே ஆளைக் கரைத்துவிடும். கம்பெனி இன்னும் வாயையே திறக்கவில்லை, அதற்குள் யூடியூபில் நாலு பேர் பெட்டியின் படத்தை வரைந்து போட்டு, விலை இவ்வளவு இருக்கும், இல்லை அவ்வளவு இருக்கும் என்று கத்துகிறார்கள். அதற்குக் கீழே நீயும் போய் எழுதுகிறாய். எனக்கு அந்தக் கம்பெனி மேல்தான் முதல் சந்தேகம். விலை சொல்லாமல் இருப்பதே அவர்களுக்கு லாபம். நீங்களே உங்களுக்குள் விலையை ஏற்றிக்கொண்டு போவீர்கள். அப்புறம் அவர்கள் அதில் கொஞ்சம் குறைத்துச் சொல்வார்கள். அப்பாடா, பரவாயில்லையே என்று வரிசையில் போய் நிற்பீர்கள். ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் எங்கள் முதலாளியும் இதைத்தான் செய்கிறார். புது ஸ்டிக்கரில் பெரிய விலை எழுதி, மறுநாள் அதைச் சிவப்பு மையில் அடிக்கச் சொல்வார். அடிக்கிறவளே நான்தான்.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தக் கம்பெனி செய்வதைத்தானே நீயும் திருமானூரில் செய்துவிட்டு வந்திருக்கிறாய்? கேட்கவில்லை. விலையும் சொல்லவில்லை. ஆசையை மட்டும் பந்தலில் விரித்துப் போட்டுவிட்டு வந்துவிட்டாய். மிச்சத்தை அந்த மனுஷனே மனசுக்குள் ஏற்றிக்கொண்டு போகிறார். இரண்டு கறவை மாட்டு விலை இருக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்களாம். இல்லை என்று மறுக்கக்கூட என்னிடம் விலை இல்லை.

ஒருவேளை நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். கேம் என்று வந்துவிட்டால் நீ தெருவில் போகிற ஆளிடமும் பேசுவாய், அது எனக்குத் தெரியும். ஆளில்லாத வீட்டில் சுவரிடம்கூடப் பேசுவாய். அந்தப் பையன் கேட்டான், நீ வாய் நிறையச் சொன்னாய், அவன் அப்பா காதில் விழுந்தது, அவ்வளவுதான் என்றால் உன் மேல் தப்பே இல்லை. அப்படி இருக்க வேண்டும் என்றுதான் அன்று சாயங்காலமே உனக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். நீ பதறிப்போய், "ஐயோ, அவர் எதுக்கும்மா வாங்கணும், நான் இப்பவே பேசறேன்" என்று சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். நீ முதலில் சிரித்தாய். "நான் சும்மாதாம்மா சொன்னேன்" என்றாய். சரி என்று நான் மூச்சு விடுவதற்குள், "அவங்களா ஆசப்பட்டு வாங்கிக் குடுத்தா நான் என்னம்மா பண்ண முடியும்?" என்றாய்.

தம்பி, அந்த வார்த்தையை நான் கவுன்ட்டரில் எத்தனை மாப்பிள்ளைகள் வாயில் கேட்டிருக்கிறேன் தெரியுமா? அதைச் சொல்லும்போது அவர்கள் ஒருத்தரும் பெண்ணின் அப்பாவைப் பார்க்க மாட்டார்கள். நீ அதைச் சொன்னபோது உன் முகம் எனக்குத் தெரியவில்லை, நல்லவேளை. மோட்டார் விஷயத்தை உன்னிடம் சொல்லியிருந்தேன். அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டி அடுத்த வருஷக் கடைசியில்தான் வரும், அதற்குள் அவர் எதற்கு அவசரப்படுகிறார் என்று மட்டும் கேட்டாய். எனக்கு அழுகை வந்தது. அப்பா பக்கத்தில் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

இதுவரைக்கும் வெள்ளிக்கிழமை எழுதினேன். எழுதி முடித்து உனக்கு அனுப்பலாம் என்று எடுத்தவள், நிறுத்திவிட்டேன். நீ இதைப் படித்ததும் எனக்குப் போன் செய்வாய், அழகாக விளக்குவாய், நானும் மனசு இளகிவிடுவேன். பெற்றவளாயிற்றே. அப்புறம் அந்த வீட்டில் மோட்டார் நின்றுபோகிற ஒவ்வொரு தடவையும் கயல் ஒருத்திக்குத்தான் தன் கல்யாணச் சீர் ஞாபகம் வரும். அதனால் ஞாயிற்றுக்கிழமை அரியலூர் போனேன். கயல் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் அன்று ஏதோ சிறப்பு வகுப்பு. முடித்துவிட்டு வந்தவளை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜூஸ் கடையில் உட்கார வைத்து, இந்தக் காகிதங்களை அவள் கையில் கொடுத்தேன். "படிம்மா. எம் புள்ளைக்கு எழுதுனது. ஆனா மொதல்ல நீதான் படிக்கணும்" என்றேன்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். பெற்ற அம்மாவே இப்படிச் செய்வாளா என்று கேட்பாய். நாளைக்கு அவள் என் வீட்டுக்கு வந்த பிறகு இதை வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு, அத்தைக்கும் தெரியும்தானே என்று அவள் என்னைப் பார்த்தால், அந்தப் பார்வைக்கு என்னிடம் பதில் கிடையாது.

கயல் மெதுவாகப் படித்தாள். சிறுவாச்சூர் அத்தை வரும் இடத்தில் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. ஜூஸில் ஐஸ் எல்லாம் கரைந்து தண்ணியாகிவிட்டது, அவள் தொடவே இல்லை. மோட்டாரைப் பற்றி அவள் அப்பா என்னிடம் சொன்னது அவளுக்குத் தெரியாது போலிருக்கிறது. அந்த இடத்துக்குத் திரும்பப் போய் இன்னொரு தடவை படித்தாள். பிறகு என் எதிரிலேயே அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, மோட்டாரு எப்ப மாத்தறீங்க?... இல்ல, மொதல்ல அத மாத்துங்க. அதுக்கப்பறம் நாளு குறிக்கலாம்... தையில இல்லன்னா வைகாசியில வச்சுக்கலாம்ப்பா, இப்ப என்ன? ஆமா, அத்த இங்கதான் இருக்காங்க. அவங்களுக்குத் தெரியும்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான், "அவன் கெட்டவன் இல்லம்மா" என்றேன். எதற்குச் சொன்னேனோ.

"கெட்டவர்னு நான் சொல்லலையே அத்த" என்றாள். "புதுசா எது வந்தாலும் மொத நாளே வாங்குறவன் ஏமாளி, பொறுத்துத்தான் வாங்கணும்னு எங்கிட்டயே எத்தன தடவ சொல்லியிருக்காரு. காத்திருக்கறதுல கெட்டிக்காரர்தான். காத்திருக்கட்டும்."

பஸ் வந்ததும் எழுந்தாள். காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, கடைசியில் ஒன்றை எழுதச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். அன்று பந்தலில் அவ்வளவு சத்தமாகப் பேசியது அவள் அப்பா காதில் விழ வேண்டும் என்றுதானா? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுது. இல்லை என்றால் இல்லை என்று எழுது. என்னிடம் இல்லை, அவளிடம். அதற்கு மேல் ஒரு வார்த்தை இருந்தாலும் அவள் படிக்கமாட்டாளாம்.